கழிவு ஃபோல்டரில் இருந்த படம்

பீர்க்கன்கரணை,
மே 14, வியாழன்.

அன்புள்ள காலேபுக்கு,

ஜெபகுமார் எழுதிக்கொள்வது. நலமா என்று விசாரிக்கும் முன் ஒரு வேலை சொல்கிறேன், செய்துவிட்டு வந்து மீதியைப் படி. பிப்ரவரியில் உன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேனே, அந்தக் கறுப்பு லேப்டாப், அது ஓடிக்கொண்டிருந்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்கு. அடியில் இருக்கும் பேட்டரியைக் கழற்று. அதில் ஒரு எழுத்துகூட யாரும் இனி டைப் அடிக்கக் கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

செய்துவிட்டாயா? சரி. இப்போது சொல்கிறேன். சீலன் அண்ணனைக் காணவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.

உனக்கு ஐம்பது தடவையாவது போன் போட்டிருப்பேன். என் வீட்டுக்காரி ஜான்சி போனிலிருந்தும் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. மலையில் சிக்னல் இல்லையா, இல்லை ஜனவரியில் நடந்த சண்டைக்காக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாயா, தெரியவில்லை. எதுவானாலும் இப்போது மனதில் வைக்காதே. பள்ளிக்கூட ஆபீசிலும் கோடை விடுமுறை, யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நானே பஸ் ஏறி வந்திருப்பேன். ஜான்சியும் வேலைக்குப் போயிருக்க, அண்ணன் திரும்பி வரும் நேரம் பார்த்து வீடு பூட்டியிருந்தால் என்ன ஆவது? அவருக்கு வந்த பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில் மிஞ்சியது இரண்டு வார்த்தை: "குமாரு", "சரி". இதை வைத்து யாரிடம் அவர் வழி கேட்பார்?

போன புதன்கிழமை காலை நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நாவலூரில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய ஆறு லேப்டாப்பை வாங்கி வந்திருந்தேன். கல்லூரி லேபில் சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் சும்மா செய்கிறான் என்று நீ கிண்டல் செய்வாயே, அதே பைத்தியம்தான். வழக்கம்போல அண்ணன் டார்ச் பிடித்தார். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் பிரித்து வைப்பதும் அவர் வேலை. அன்று அவர் கை தட்டி எல்லாம் தரையில் உருண்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு தட்டைக் கூட ஒழுங்கா பிடிக்க முடியலைன்னா எதுக்கு இருக்கே, எங்கேயாவது போய்த் தொலை" என்று கத்தினேன்.

அவர் "சரி" என்றார்.

குனிந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பொறுக்கினார். நான் மதர்போர்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரையில் என் கேமராவுக்கு நிழல் பிடிப்பாரே, அந்தக் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு அவர் கதவைச் சாத்தியது காதில் விழுந்தது. தெருமுனை வரை போய் வருவார் என்று நினைத்தேன். மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் இட்லித் தட்டைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு ஸ்க்ரூவும் அதது அதன் குழியில் இருந்தது. ஒன்றுகூட மாறவில்லை, காலேப்.

அன்றிலிருந்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப், தாம்பரம் ஸ்டேஷனின் எல்லாப் பிளாட்பாரமும், கிளாம்பாக்கம், குரோம்பேட்டை ஆஸ்பத்திரி என்று அலையாத இடமில்லை. முனைக்கடை பொன்னுசாமி, குடை வைத்திருந்த ஒருவர் படப்பை வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். படப்பை மார்க்கெட்டில் மூன்று நாள் சுற்றினேன். பூ விற்கும் எல்லம்மா என்று ஒரு அம்மா. "வயசானவரு, குடை வச்சிருந்தாருன்னா இன்னா அடையாளம் சார்? வெயில்ல அல்லாரும் குடையோடதான் போய்க்கினு கீறாங்க. மூஞ்சியக் காட்டு, பார்த்தேனா இல்லையான்னு சொல்றேன்" என்றது. நியாயமான பேச்சு. காட்ட என்னிடம் முகம் இல்லை.

ஆதார் படம் பதினான்கு வருடம் பழையது. அதில் கொழுத்த கன்னமும் பெரிய மீசையுமாக வேறு யாரோ இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் அவர் பாதியாக இளைத்துவிட்டது உனக்கே தெரியும். சபையில் எல்லார் போனையும் துழாவினோம். கிறிஸ்துமஸ் ஆராதனைப் படம் ஒன்றில் தூணுக்குப் பின்னால் அரைத் தோள் தெரிகிறது. அது அவர்தான் என்று ஜான்சி சொல்கிறாள்.

என்னிடம் பதினோராயிரம் படம் இருக்கிறது. நீர்க்கோழி, நாரை, மழையில் நனைந்த சிக்னல் விளக்கு, துருப்பிடித்த கீபோர்டு. செகண்ட்ஹேண்ட் கேமரா நாலு வாங்கி எதையெதையோ எடுத்தேன். கூடவே நின்றவரை எடுக்கவில்லை. ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் தள்ளு தள்ளு என்பேன், தள்ளிக்கொள்வார். அவர் கை மட்டும் ஒரு நாற்பது படத்தில் இருக்கிறது. டார்ச் பிடித்த கை, குடை பிடித்த கை, தோல் கம்பெனி மெஷினில் நுனி போன அந்த மோதிர விரல். அதைப் பிரிண்ட் போட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "கையை ஒட்டி என்ன சார் பண்றது? சமீபத்துல எடுத்த முகம் ஒண்ணு குடுங்க, எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிடறேன்" என்றார்.

அந்த முகத்தை எடுத்தவன் நீ ஒருவன்தான். ஞாபகம் இருக்கிறதா? பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் எனக்குக் குடை பிடித்து அவர் கை நடுங்கியது. என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, "மச்சான், நீ இவரை ஸ்டாண்டு மாதிரி வச்சிருக்கே. அண்ணா, இங்க பாருங்க" என்று எடுத்தாய். அவர் நேராகப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று நான் சொன்னேன். நீ அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் என்று கேள். என் வழக்கம் உனக்குத் தெரியும். தேறின படங்களைத் தனி டிஸ்கில் ஏற்றிவிடுவேன், மற்றதெல்லாம் "கழிவு" என்ற ஃபோல்டருக்குப் போகும். உன் படத்தில் வெளிச்சம் கொஞ்சம் தூக்கல், பறவையும் இல்லை. கழிவில் போட்டேன். யாருக்கு மெஷின் கொடுத்தாலும் துடைத்துச் சுத்தமாகத்தான் கொடுப்பது என்று ஒரு கொள்கை வேறு. அந்தக் கழிவு ஃபோல்டர் இருந்த கறுப்பு லேப்டாப்பை உன் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பார்சல் கட்டும் முன் ஃபார்மேட் செய்தேன். கேமரா கார்டில் தேடிப் பார்த்துவிட்டேன், அதன் மேல் ஏரிப் பறவைகள் மூன்று சுற்று ஏறிவிட்டன.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதில் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க். அவசரத்தில் மேலோட்டமாகத்தான் ஃபார்மேட் செய்தேன். அப்படிச் செய்தால் பட்டியல்தான் அழியும், படம் உள்ளே கிடக்கும். புதிதாக ஒன்று அதன் மேல் எழுதப்படும் வரைதான் கிடக்கும். உன் பிள்ளைகள் பாடம் ஏற்றியிருக்கலாம், கேம் ஏற்றியிருக்கலாம். அவர்களைத் திட்டாதே. விடுமுறையில் அது பீரோவில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று முழங்காலில் நிற்கிறேன். அடியில் ஏழு ஸ்க்ரூ. கழற்றினால் டிஸ்க் தெரியும். துணியில் சுற்றி, கோத்தகிரியில் சென்னை பஸ் டிரைவர் கையில் கொடு. டவுனுக்கு வந்தால் சிக்னல் கிடைக்குமே, வண்டி நம்பரைச் சொல். கிளாம்பாக்கத்தில் நான் நிற்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஜான்சியிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் முன்பே போலீசார் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அடையாளம் தெரியாத ஒரு உடல். துணியை விலக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இது அவரா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த தம்பி நான், காலேப். கடைசியில் கையைக் காட்டச் சொன்னேன். மோதிர விரல் முழுசாக இருந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது அவர் இல்லை என்ற நிம்மதியில் அழுதேன் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

உனக்கும் உன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்த்தர் துணையிருப்பாராக. நான் பேசியதை மன்னித்துவிடு. நீ சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

படம் அழிந்தே போயிருந்தாலும் எனக்குப் பதில் எழுது. பக்கவாதம் வந்த அன்று அவர் துவைக்கிற கல்லில் விழுந்து புருவத்துக்கு மேல் நாலு தையல் போட்டார்கள் அல்லவா? ஸ்டேஷன் ஃபாரத்தில் எந்தப் புருவம் என்று கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான், எனக்குத் தெரியவில்லை. ஜான்சிக்கோ எதிரே நின்று பார்த்த புருவம் அவருக்கு இடதா, தனக்கு இடதா என்று குழம்புகிறது. அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

நீ அவரை நேராகப் பார்த்தாய். எந்தப் பக்கம் என்று சொல்.

உன்
ஜெபகுமார்