மொட்டைமாடித் தேர்வு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் பாப்பாவும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். உங்கள் இருமல் நின்றதா?

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள். ஆறு வருடமாக ஆன்டெனா கம்பெனியில் போனில் வரும் புகார்களை எழுதிக்கொண்டிருந்தேன் இல்லையா? மாடியேறும் மெக்கானிக் வேலை ஒன்று காலியானது. நானும் மனுப் போட்டேன். எங்கள் சூப்பர்வைசர், நாங்கள் 'மீசை' என்போமே, அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "ஏணியைப் பாத்தாலே உனக்குத் தலை சுத்துமேம்மா!" என்றார்.

நேற்றுத்தான் தேர்வு. தலைமை இன்ஜினியர் அம்மா, மனுப் போட்ட எங்கள் மூன்று பேரையும் மீசையையும் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சிக்கு அழைத்துப்போனார். நான் சுவரை ஒட்டியே நடந்தேன். சுற்றியுள்ள கூரைகளைக் காட்டி, எது என்னவென்று கேட்டார். வானத்தை அண்ணாந்து பார்க்கும் கிண்ணம் செயற்கைக்கோளுக்கு. எதிர்க் கோபுரத்தை நேராக முறைக்கும் மத்தளம், கோபுரமும் கோபுரமும் பேசிக்கொள்ள. நெட்டையான வெள்ளைப் பெட்டிகள் செல்போனுக்கு. தீயணைப்பு நிலையத்தின் ஒற்றைக் குச்சி, எல்லாத் திசையிலும் இருக்கும் வண்டிகளோடு பேச. கடகடவென்று சொன்னேன். மற்ற இருவரும் கிண்ணத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள்.

கடைசியாக, எங்கள் பக்கத்திலேயே மீன்முள் போல ஒரு டிவி ஆன்டெனா. பெயரைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே! "மேடம், இது முன்பின்னா நிக்குது," என்றேன். குட்டைக் கம்பிகள்தான் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நீளக் கம்பி பின்னால் நிற்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். படம் வரவில்லை என்று நாலு மாதமாக இந்தக் கட்டிடத்திலிருந்து வந்த புகார்களை எழுதியதே நான்தான். மாட்டியது யார் என்று அந்த அம்மா கேட்டார். மீசை குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"நீயே திருப்பிடு," என்றார் இன்ஜினியர் அம்மா. ஸ்பானரோடு ஏணியில் ஏறினேன். தலை சுற்றவில்லை, அதற்கு நேரமே இல்லை. திருப்பி முடுக்கியதுதான் தாமதம், கீழ்மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "படம் வந்துடுச்சு! இனிமே யாரும் அதுல கையே வைக்காதீங்க!"

வேலை எனக்கே! மீசையே பாதுகாப்பு பெல்ட்டைக் கொண்டுவந்து தந்து, "நல்லா இறுக்கிக் கட்டிக்கம்மா," என்றார்.

அங்கே உங்கள் கம்பெனியில் இன்னும் மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். என் சம்பளத்தில் இனி இந்த வீடு நடக்கும். பேனாவை எடுக்கும் முன் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். உங்களுக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, மெக்கானிக்