பெயர் தொலைந்த எழுத்துகள்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் கணினி பிழைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாரடைப்பில் நீ போன பிறகும் அண்ணி அதில்தான் பள்ளிக்கூடப் பயிற்சித்தாள்களை அச்சிட்டுவந்தார். அவருடைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நீ ஒவ்வொன்றாக வரைந்த தமிழ் எழுத்துகள் அந்த ஒரு பெட்டியில் மட்டுமே இருந்தன. வேறு எங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் போய்விட்டாயே, ஏன் அண்ணே?

போன மாதம் அண்ணி இருக்கும் ஜெலுத்தோங் பக்கம் பெரிய இடிமழை. அண்ணி பயந்துபோய், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் கணினியின் லினக்ஸ் இயங்குதளம் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ பிழைச் செய்தி வந்து அப்படியே நின்றது. கணினிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, புதிது போடலாம் என்றார். அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நான்தான் கெடுத்தேன் மாலதி. அவர் செஞ்சதுல மிஞ்சினது இது ஒண்ணுதான்."

எனக்கு என்ன தெரியும்? பிறை ஊர்த் தொழிற்சாலையில் உன்னோடு வேலை பார்த்த குணாவைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைத் திறந்து, டிஸ்க் சுழலும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"டிஸ்க் சாகல லா. நல்லாத்தான் சுத்துது. எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்குதான் உள்ள குழம்பியிருக்கு."

"அப்போ சரி பண்ணிடலாமா தம்பி?" என்றார் அண்ணி.

"உடனே கை வச்சா இருக்கிறதும் போயிடும் அண்ணி. முதல்ல எல்லாத்தையும் அப்படியே காப்பி எடுத்துக்குவோம்."

தன்னுடைய டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டி, ஃபிளாப்பியிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, முழுவதையும் பிரதி எடுத்தார். பழுது பார்த்ததெல்லாம் அந்தப் பிரதியில்தான். டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் தலைப்பகுதியே சிதைந்திருந்ததால் பழுதுபார்க்கும் நிரல் முதலில் ஓட மறுத்தது. அந்தத் தலைப்பகுதிக்கு டிஸ்க்கிலேயே வேறு இடங்களில் நகல்கள் உண்டாம். அதில் ஒன்றைக் காட்டியதும் ஓட ஆரம்பித்தது. இதைச் சரிசெய்யவா, அதைச் சரிசெய்யவா என்று கேள்வி மேல் கேள்வி. குணா ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் விசையைத் தட்டினார்.

முடிந்ததும் உன் கோப்புறையைத் திறந்தோம். காலி.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"இருங்க அண்ணி," என்ற குணா இன்னொரு கோப்புறையைத் திறந்தார். இடம் தெரியாத கோப்புகளைப் பழுதுபார்க்கும் நிரல் அதில்தான் சேர்த்து வைக்குமாம். உள்ளே வரிசையாகக் கோப்புகள். ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். "பேருதான் போச்சு. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்."

முதலாவதைத் திறந்தார். திரையில் பெரிதாக ஒரு ண.

"இது அவர் போட்டதேதான்! மூணு சுழியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும். பிள்ளைங்க குழம்பும்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன், கேட்டாரா?" அண்ணி சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் கோப்புக்குப் பெயரைத் தட்டினேன். தன்னால்தான் எல்லாம் போனது என்று அவர் மறுபடி ஆரம்பித்தபோது குணா மறித்தார்: "கரண்டு எப்ப வேணாலும் போகும் அண்ணி. காப்பி எடுக்காததுதான் தப்பு." அந்தப் பழியை நீதான் ஏற்றுக்கொள்ள வேண்டும், அண்ணே.

சில எழுத்துகள் திரும்பவில்லை. ஞ வரவில்லை, ஔ வரவில்லை. கணினியில் எப்படி வரைவது என்று குணாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அண்ணியே அவற்றை வரைகிறார். முதல் ஞ கோணலாக வந்தது. இப்போது பரவாயில்லை.

இனி வாரம் தவறாமல் பிரதி எடுத்து ஒன்றை என் வீட்டிலும் ஒன்றைக் குணா வீட்டிலும் வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. புதிய தாள்கள் வகுப்புக்குப் போய்விட்டன. எது உன் எழுத்து, எது அண்ணியின் எழுத்து என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

என்றும் உன் தங்கச்சி,
மாலதி