ஈரச் சுவர்

12-6-1963, புதன்

சோறு இறங்கவில்லை. எங்கள் காலனி சொசைட்டி செக்ரட்டரியின் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த மராட்டி ஊர் வளர்கிறதாம். ஹடப்சர் பக்கம் சோளக்காடெல்லாம் காலனி ஆகிறது. ஆனால் ஒரு காலனித் தெரு இன்னொன்றோடு சேரக் கூடாது. மில் ஆட்கள் குறுக்கே நடக்கிறார்கள் என்று, எங்கள் தெருவும் அடுத்த காலனித் தெருவும் சேரும் இடத்தில் எங்கள் சொசைட்டியார் போன வாரம் இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டார்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டுக் கமலாவுக்குப் பிரசவ வலி. அவள் புருஷன் குதிரை டாங்கா கூட்டிவந்தான். பழைய வழக்கத்தில் அடுத்த காலனி வழியாக வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். சுற்றி வருவதென்றால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கமலாவால் நிற்கக்கூட முடியவில்லை. ஸ்டூல் போட்டு நானும் என் மனைவியும் அவளைச் சுவர்மேல் ஏற்றினோம். "ஆவோ பெஹன்", வா தங்கச்சி என்று டாங்காக்காரனும் கை கொடுத்து இறக்கினான்.

செக்ரட்டரி ஓடி வந்தார்.

"ஓய், சுவத்துல கால் வைக்காதீங்கோ! பூச்சு இன்னும் காயலை!"

தூ. இவனெல்லாம் மனுஷனா?

பெண் குழந்தை. இருவரும் சுகம். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். கமலாவின் கால் பதிந்த இடத்தைக் கொத்தனார் பூசி மறைத்திருந்தார். அதன்மேல் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு பதித்துக்கொண்டிருந்தார்.