இடது ஏழு, வலது அஞ்சு

என் சுண்டெலிக்குட்டிக்கு,

அம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல, கையும் காலும் இருந்த இடத்துலயே இருக்கு, உனக்கும் அப்படியே இருக்கணும். அப்பா தவறிப் போய் ரெண்டு மாசம் ஆகியும் காலையில ரெண்டு டம்ளர் டீ போட்டுடறேன், அப்புறம் ரெண்டையும் நானே குடிக்கறேன். இப்படியே போனா எனக்கு ரத்தத்துக்குப் பதிலா டீதான் ஓடும்னு உன் சித்தி திட்டுறா.

போன்ல நீ சொன்ன துகள் கணக்கு என் தலையில ஏறி உட்கார்ந்துக்கிச்சு. இடது கைத் துகளுக்கு ஒரு நியாயம், வலது கைத் துகளுக்கு ஒரு நியாயம், ஆனாலும் ரெண்டு பக்கக் கணக்கும் சரிக்குச் சரி வரலைன்னா உங்க கொள்கையே குப்புற விழுந்துடும்னு சொன்னே இல்ல? இடது பக்கம் மூணும் நாலும், வலது பக்கம் அஞ்சும் சைபரும், ஒவ்வொண்ணையும் அதாலேயே பெருக்கிக் கூட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும்னே. சைபருக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டேன், தலை எண்ணிக்கைக்கு நிக்குதும்மான்னே, சும்மா நிக்கற எங்க பட்டறை மேஸ்திரி ஞாபகம்தான் வந்துச்சு. அதையே நினைச்சுக்கிட்டு பட்டறையில கையுறைக் கட்டு கட்டினேன் பாரு, இடது கை ஏழு, வலது கை அஞ்சு! மேஸ்திரி பிரிச்சுப் பார்த்துட்டு, ரெண்டு இடது கை வச்சவன் எவன் இருக்கான், கூட்டிட்டு வான்னு குதிச்சார். நானும் விடல, மூமூணு ஒன்பது, நாநாலு பதினாறு, ஐயஞ்சு இருபத்தஞ்சு, கணக்கு சரியாத்தான் இருக்கு சார்னேன். அவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, சரிதான், ஆனா வாங்கறவனுக்கு இது தெரியாதேம்மான்னார். பட்டறையே விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்பா போனதுக்கப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அதனாலதான் எழுதறேன். அந்தத் துகளையெல்லாம் ரொம்ப இறுக்கிப் பிடிச்சா அப்படியே லேசா ஓடுமா, ஒண்ணு சேர்ந்து கனத்துப் போகுமா, இல்ல ஒழுங்கே உடைஞ்சு போகுமான்னு ஒண்ணும் பிடிபடல, அம்மாவுக்கும் துணைக்கு ஆள் இல்ல, படிப்பை விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னியே, வேண்டாம். பிடிபட்டதுன்னா எதுக்குடி உன்னை அங்க உட்கார வச்சிருக்காங்க? வந்துடுன்னு எழுத எனக்கும் கை போகுது, இழுத்துப் பிடிச்சுக்கறேன். முடிச்சுட்டு வா.

உடம்புக்கு ஒண்ணும் வராம, போட்ட கணக்கெல்லாம் கைகூடி நல்லா இரு. தலைக்கு எண்ணெய் வை, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

மூலையில கொஞ்சம் இடம் இருக்கு, ஒண்ணு கேட்கறேன். அப்பா இருந்து, நான் போயிருந்தா, அவர் உன்னை வரச் சொல்லியிருப்பாரா, வேண்டாம்னு எழுதியிருப்பாரா?