வட்டமாகப் போட்ட பெஞ்சுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்பு யாருக்கும் கெடவில்லை, மனசைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நீயும் உன்னவளும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம்.

ஆலயத்தில் பெஞ்சுகளைத் திரும்ப வரிசையாகப் போட்டுவிட்டார்கள். நீ வரைந்து அனுப்பிய படத்தின்படி ஒரே ஒரு ஞாயிறுதான் நம் சபை வட்டமாக உட்கார்ந்தது. நடுவில் மேசை, அதன்மேல் எல்லார் வீட்டுப் பழைய துணியையும் சேர்த்துத் தையல்கார அக்கா தைத்த விரிப்பு. நீங்கள் அனுப்பிய இரண்டு சட்டைத் துண்டுகளும் அதில் ஒட்டினாற்போல் இருந்தன. முன்வரிசை இல்லை, குடும்பத்துக்கென்று தனி பெஞ்சு இல்லை. இப்படியே இருந்துவிட்டால், தம்பி கல்யாணத்துக்கு நீ அவளோடு வரும்போது இவள் யார், எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் கேட்க வழியிருக்காது என்று எழுதியிருந்தாயே. நானும் நம்பினேன்.

அன்று திருவிருந்து அப்பம் கொடுத்துக்கொண்டே சுற்றி வந்த போதகர் எங்கே தொடங்கினோம் என்பதை மறந்துவிட்டார். கடைசி ஆள் வந்தால் முடிந்தது என்று பழகிய மனிதர், வட்டத்தில் கடைசி ஆள் ஏது. தையல்கார அக்காவுக்கு இரண்டாம் தடவையும் கொடுத்தார், அவளும் வாங்கிச் சாப்பிட்டாள். பெஞ்சுகளைத் திருப்பிப் போட சபைக் கமிட்டிக்கு அது போதுமாக இருந்தது. கூப்பிட்டு விசாரித்ததற்கு, "குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். வேணாம்னு சொல்ல நான் யாரு" என்றாளாம். பிறகு நடந்த சபைக் கூட்டத்தில் செயலாளர், அதான் கண்ணாடிக்கடை மாமா, "இது திருவிருந்தா, கல்யாணப் பந்தியா" என்று கத்தினார். பிறகு, "மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிட்டு எப்படிங்க பாவ அறிக்கை சொல்றது? எதிர்ல இருக்கறவ என் பாவத்தையெல்லாம் எண்ணிக்கிட்டு இருப்பா" என்றார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன்னை யாரும் பார்ப்பது பிடிக்கவில்லை. சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னைக்கு பெஞ்ச மாத்துவாங்க, நாளைக்கு யாரக் கூட்டிக்கிட்டு வருவாங்களோ" என்றது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காரணம் அதுதான். அப்பம் இல்லை.

உன் கட்டுரையை மறுபடி வாசித்தேன். பால்புதுமையினர் இறையியல் என்ற தலைப்பைக் கண்டு, அது உன்னையும் அவளையும் போன்றவர்களைப் பற்றியது என்று தெரிந்து, முதல் முறை மூடி வைத்தவள்தான் நான். உயிர்த்தெழுந்து வந்த கர்த்தரை அவரோடு சாப்பிட்டுத் திரிந்தவர்களே அடையாளம் காணவில்லை, அவர் தன் பழைய உருவத்துக்குத் திரும்பிப் போய் அவர்களைச் சமாதானப்படுத்தவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதில் உன்னை நிறுத்திப் பார்த்தது இப்போதுதான். அழுகை வந்தது. ஆறுதல் வரவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

தம்பி ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி, என் பக்கம் திரும்பாமலே, "ஒரு நாள்தானேம்மா, அக்கா மட்டும் வரட்டும். பொண்ணு வீட்டுல ஏற்கனவே ஆயிரம் கேள்வி" என்றான். கெட்டவன் இல்லை. பயந்தவன்.

இன்று காலை போதகரைப் பார்த்தேன். தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கான முதல் பெஞ்சில் நான் உட்காரப் போவதில்லை, கதவோரம் கடைசி பெஞ்சில் இருப்பேன் என்றேன். "எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்களேம்மா" என்றார். "பாக்கட்டும் ஐயா" என்றேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருப்பானோ.

வா என்று உன்னை வற்புறுத்த மாட்டேன். உங்கள்மேல் விழப்போகும் பார்வைகளை என்னால் தடுக்க முடியாது. வராவிட்டால் அதற்காக வருந்தாதே. ராத்திரியெல்லாம் விழித்து வரையாதே, கண் பத்திரம். அவளுடைய இருமல் நின்றதா என்று எழுது. கர்த்தர் உங்கள் இருவரையும், இருவரையும்தான், காக்கட்டும். கல்யாணத்தன்று அந்தக் கடைசி பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு இடம், அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்கும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா