கோல் பிடித்து நின்றவரும் உட்கார்ந்திருந்தவரும்

கேப் கோஸ்ட்
26 பிப்ரவரி 1931

அன்புள்ள எக்கோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் லண்டன் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மீன் வாங்கக் கரைக்கு மறுபடி தானே நடந்து போகிறாள். அக்கா அபாவுக்கு இது ஏழாம் மாதம், அவள் கணவன் ரயில்வேயில் செக்கண்டி பக்கம் மாற்றலாகிவிட்டதால் நம்மோடுதான் இருக்கிறாள். பாலைக் காற்று இந்த வருடம் போகவே மாட்டேன் என்கிறது, துடைத்த மேசையில் அரை மணியில் மறுபடி தூசி. நீ கேட்ட சட்டப் புத்தகத்தை ரெவரெண்ட் அய்யாவிடம் சொல்லியிருக்கிறேன், கிடைத்ததும் அனுப்புவார்.

உன் கடிதம் போன வாரக் கப்பலில் வந்தது. காலனி மாணவர்களுக்கான தேநீர் விருந்தில் சர் ரெஜினால்ட் வின்ஸ்கோமைச் சந்தித்ததையும், அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் நம் ஊர்ப் பெயர்களைத் திருத்திக் கொடுக்க உன்னைக் கேட்டதையும், அதற்குப் பதிலாக ஒரு பெரிய வழக்கறிஞருக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னதையும் சந்தோஷமாக எழுதியிருந்தாய். அசுக்ரோம் ஊரைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை நகல் எடுத்தும் வைத்திருந்தாய். "அப்பா, உங்களைப் பத்திக்கூட இருக்கு, நம்பிக்கையான பையன்னு எழுதியிருக்கார்" என்று கீழே பெருமையாகக் குறித்திருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். பையனாம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, மூன்று மொழி தெரியும், அந்த மனிதனுக்கு ஒன்றரை.

எக்கோ, அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று மறுபடி படி. அசுக்ரோம் அரசர் பொன் பூசிய கோலோடு எழுந்து நின்று வரவேற்றாராம், ஊரையும் காட்டையும் ஆங்கில அரசுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைக் கேட்டு மகிழ்ந்து தன் கையாலேயே குறி போட்டாராம், பிறகு சத்தியம் மீறிக் கலகம் செய்தாராம். நம் நாட்டில் எந்த அரசர் கோல் பிடித்து எழுந்து நிற்பார்? அசுக்ரோம் அரசர் நானா அமோவாத்தென் அன்று தாயார் இறந்த துக்கத்தில் இருந்தார், கறுப்புத் துணி கட்டி, உடம்பில் ஒரு குன்றிமணி தங்கம் இல்லாமல், தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கோலோடு நின்று பேசியவர் அவருடைய சபைப் பேச்சாளர் குவாக்கு டொம்ப்ரே. அப்போது கேப்டனாக இருந்த வின்ஸ்கோம் நேரே கோல்காரரிடம் போய்ச் சல்யூட் அடித்தான். அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்த நான் பின்னாலேயே ஓடி, "அய்யா, இவரு நானா இல்ல, நானாவோட வாய். நானா அதோ உக்காந்திருக்காரு" என்றேன். "மூலையில உக்காந்திருக்கிற கிழவனா? யாரு அரசன்னு எனக்குத் தெரியும். நீ பேனாவை எடு" என்றான்.

எழுதத் தெரியாதவர்கள் பேனாவைத் தொட்டால் போதும், மொழிபெயர்ப்பவன் குறி போட்டுப் பெயர் எழுதுவான், அதுதான் முறை. டொம்ப்ரே பேனாவை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "அடேய் தம்பி, இத்துணூண்டு கோலை வெச்சா உங்க வெள்ளைக்காரன் ஊரை ஆளுறான்? சரி, சேதி வந்துச்சு, நானா காதுல போடுறேன்னு சொல்லு" என்றார். சேதியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கேப்டன் என் தோளை அழுத்தினான். நான் குறி போட்டு, பக்கத்தில் நானா அமோவாத்தென் என்று எழுதினேன், அடியில் சாட்சியாக என் பெயரையும் எழுதினேன்.

தான் எதற்கும் சம்மதிக்கவில்லை என்று நானா சொல்லியனுப்பிய இருபதாம் நாள் பீரங்கி வந்தது. நூற்றுப் பதினாறு வீடுகள் எரிந்தன, எண்ணிக் குறித்தவன் நான். நானாவைக் கப்பலில் ஏற்றினார்கள், அந்நிய மண்ணில் செத்தார். அந்தக் காகிதத்தால் அவன் மேஜரானான், பதக்கம் வாங்கினான், வடக்கே ஆணையராகப் போனான், கிழக்குக் கரையில் ஒரு காலனிக்குக் கவர்னரானான், கடைசியில் இறகுத் தொப்பியோடு இங்கேயே கவர்னராக வந்து இறங்கினான். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள், நீயும் கொடி அசைத்தாய். நான் உன் பக்கத்தில் வாய் மூடி நின்றேன். அவன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ அதில் பாதி என்மேலும் உண்டு.

போன திங்கட்கிழமை அசுக்ரோமிலிருந்து டொம்ப்ரேயின் தங்கை மகன் வந்தார். காட்டை அரசாங்கம் ஒரு மரக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது, ஊர் வழக்குப் போட்டிருக்கிறது, நானாவே சம்மதித்த காகிதம் இருக்கிறதே என்கிறது அரசாங்கம். அவர் காட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. "பெரியவரே, எங்க மாமாவை ஊரை வித்தவன்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க. முப்பத்து நாலு வருஷமா ஒரு குழந்தைக்கும் அவர் பேரை வைக்கல. என் பையனுக்கு வைக்கலாம்னு போனேன், என் பொண்டாட்டியே பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா" என்றார். உன் அம்மா என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா வாய்ல கெங்கே மாவு உருண்டையா வெச்சிருந்தீங்க?" என்று அவர் முன்னாலேயே கேட்டாள். நான் எழுந்து போய் உன் கடிதத்தை எடுத்துவந்தேன்.

நீ எடுத்த நகலை ஊரின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அரசர் கோலோடு நின்றார் என்று அவனே தன் கையால் எழுதியிருக்கிறான், நம் வழக்கம் தெரிந்த எவருக்கும் அந்த ஒரு வரி போதும். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு, கேட்டு வர ஒரு மாதம் ஆகும், வழக்கு வருகிற வியாழக்கிழமை. இதனால் உன் சிபாரிசு போய்விடும், அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், "பிள்ளை திட்டினா நான் வாங்கிக்கறேன், நீங்க போங்க" என்கிறாள். பொய்ச்சாட்சி எழுதினவன் என்று என்னை உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். நீ வின்ஸ்கோமிடம் போய், அந்தப் பையன் என் அப்பா என்று சொல்லிவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடு. மரியாதையாகவே பேசு, உட்காரச் சொன்னால் மட்டும் உட்காராதே.

கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போடாதே, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போ, அபாவுக்குத் தைரியம் சொல்லி ஒரு வரி எழுது. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நல்ல வழக்கறிஞனாக வீடு திரும்பவேண்டும். என்னைத் தடுத்து எதுவும் எழுதவேண்டாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் கூண்டில் ஏறி, பேனாவைத் தொட்டவர் பெயரையும், அவர் சேதியை மட்டுமே வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லி முடித்திருப்பேன்.

உன் அப்பா,
கோபினா எஜிர்