மெதுவாகச் சொன்ன ஜெபம்

செப்டம்பர் 2
அரிசி பாதிப் பானைதான். தேங்காய் வாங்க வேண்டும். தோமிங் இன்றும் சவாரிக்கு ட்ரைசைக்கிளை எடுக்கவில்லை. வயிற்றில் காற்று என்கிறார். இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேங்காய்ப்பாலில் சேப்பங்கீரை வைத்தும் தொடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. விடிந்ததும் பெரியாஸ்பத்திரி. அவர் மாட்டேன் என்றாலும்.

செப்டம்பர் 4
குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். நேற்றே அறுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். மூச்சுதான் தானாக வரவில்லை. வென்டிலேட்டர் எதுவும் காலி இல்லை. தொண்டையில் குழாய், குழாயின் முனையில் ரப்பர் பை. அதை ஆள்தான் அமுக்க வேண்டும். அமுக்கினால் மூச்சு. நிறுத்தினால் — எழுத மாட்டேன்.

அவசர அறுவை வார்டின் மூத்த நர்ஸ் எல்பிடியா; மரியாதைக்கு எல்லோரும் மாம் என்கிறோம். ஆள் குள்ளம், குரல் மீன்சந்தை வரை கேட்கும். கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள்; அவருக்கு உதவி ஒரே ஒரு சின்ன நர்ஸ். மாம் எல்பிடியா என்னைவிட இளையவர் என்பதால் என்னை மனாய் என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறார். என் கையை இழுத்துப் பையின்மேல் வைத்தார்.

"மனாய், இப்ப இதுதான் உங்க வீட்டுக்காரர் நுரையீரல். அழணும்னா அழுங்க. கை மட்டும் நிக்கக்கூடாது."

"நர்சுங்க செய்ய மாட்டீங்களா மாம்?"

"உங்களுக்கு ஒண்ணுக்கு வந்தா நான் செய்றேன். மத்த நேரம் எனக்கு வார்டு முழுக்க வயிறுங்க காத்துக் கிடக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம். பிறகு பார்த்தேன், மத்தியானச் சோற்றை ஒரு கையில் சலைன் பாட்டிலோடு நின்றபடியே விழுங்கினார்.

தோமிங்கின் தங்கை ஈசிங்கும் நானும் மாற்றி மாற்றி அமுக்குகிறோம்.

செப்டம்பர் 5
என்னால்தான் இன்று அவர் மூச்சு போக இருந்தது.

ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சின்ன நர்ஸ் கத்தினாள். மாம் எல்பிடியா வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன கணக்குல அமுக்குறீங்க?"

"ஜெபமாலை சொல்றேன் மாம். ஒரு மரியே வாழ்கவுக்கு மூணு தடவை."

"நல்ல கணக்குதான். எங்க, சொல்லுங்க கேப்போம்."

சொன்னேன்.

"அடேயப்பா! பஸ்ஸா பிடிக்கப் போறீங்க? பயத்துல ஜெபம் ஓடுது, கையும் பின்னாலயே ஓடுது. உள்ள போன காத்து வெளிய வர வேணாமா? நெஞ்சு முழுசா இறங்கட்டும். அப்புறம்தான் அடுத்தது."

பக்கத்திலேயே நின்றார். "நான் உங்க சபை இல்ல மனாய், எனக்கு மாதா ஜெபம் வராது. வாட்ச்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் பாக்குறேன்." நான் சொன்னேன். அவர் பார்த்தார். அழுத்தம் ஏறியது.

எழுத்தையே நான் ஜெபப் புத்தகத்தில் கூட்டிக் கூட்டித்தான் கற்றேன். அந்த ஜெபத்தின் ஒவ்வொரு வார்த்தையும் இன்றுதான் என் காதில் விழுந்தது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாத ஒருத்தியால்.

செப்டம்பர் 6
கை வீக்கம். பேனா நிற்கவில்லை.

செப்டம்பர் 7
ஈசிங் பையை அமுக்கிக்கொண்டே அழுதாள். "போதும் அண்ணி. அண்ணன் கண்ணே தொறக்கல. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவங்க எத்தனையோ பேரு. அவரும் பாவம், நம்ம கையும் பாவம்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்த நினைப்பு வந்ததே! மாம் எல்பிடியாவிடம் போனேன். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"பொய் சொல்ல எனக்கு எங்க நேரம்? பொழைச்சுடுவாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜுரம் இறங்குது, மூத்திரம் நல்லாப் போகுது. இது கைவிடுற நோயாளி இல்ல மனாய். வென்டிலேட்டர் தினமும் கேக்குறேன். அதை நம்பி இருக்காதீங்க. கையை நம்புங்க."

"கை ஓஞ்சுபோச்சே மாம்."

அவர் வார்டைப் பார்த்துத் திரும்பினார். ஜன்னலடியில் மற்ற நோயாளிகளின் துணையாட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டுப் பிடிக்கிற கையெல்லாம் இங்க வா! தோத்தவன் முதல்ல!"

ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் பழக்கினார். அவர்கள் அமுக்க, நான் கட்டிலோரம் தரையில் சாய்ந்தபடி ஜெபத்தை மெதுவாகச் சொன்னேன். கடைசியில் ஈசிங் எழுந்தாள். "தள்ளுங்க, என் முறை" என்றாள்.

செப்டம்பர் 8
மாதா பிறந்தநாள். நான் அமுக்குவதற்கு முன்பே நெஞ்சு எழுந்தது. தானாக. ஒரே ஒரு முறை. கத்திவிட்டேன்.

"பாத்துட்டேன், கத்தாதீங்க. அமுக்குங்க" என்றார் மாம் எல்பிடியா. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

செப்டம்பர் 11
குழாயை எடுத்துவிட்டார்கள்! முதல் வார்த்தை என் பேர் இல்லை. "தாகம்." இருக்கட்டும்.

ஈசிங் நர்சுகளுக்கு ஒரு தட்டு நிறையப் பான்சிட் நூடுல்ஸ் கொண்டுவந்தாள். மாம் எல்பிடியா பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார்.

"யாரும் வாயில வைக்காதீங்க! ட்யூட்டில பான்சிட் தின்னா, அது நீளத்துக்கு நோயாளிங்க வரிசையா வந்துகிட்டே இருப்பாங்க!"

"அண்ணன் பொழைச்சதுக்கு மாம்..."

"பொழைச்சவரை வச்சுக்கிட்டு என்னைக் கொல்லப் பாக்குறியா?"

ட்யூட்டி முடிந்ததும் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார். தட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

அக்டோபர் 7
தெரு ஜெபமாலை இன்று எங்கள் வீட்டில். அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் கணக்காக வாங்கியும் பலகாரம் கொஞ்சம் குறைந்தது. எதிர்வீட்டு சேலிங் பாதியிலேயே முணுமுணுத்தாள்.

"மனாய், நாங்க ஆமென் சொல்லியாச்சு, நீங்க இன்னும் நடுவுலயே நிக்குறீங்க. பலகாரம் ஆறுது."

வேகமாகச் சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை. மடியில் கை தானாக மூடித் திறக்கிறது. பக்கத்து நாற்காலியில் தோமிங், வயிற்றுத் தையலின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். அவர் நெஞ்சு எழுந்தது. முழுசாக இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகுதான் அடுத்ததைத் தொடங்கினேன்.